கல்லூரி விளையாட்டு வீரருக்குப் படிப்பில் வெற்றி என்றால் எதைச் சொல்வது? (என்சிஏஏ முதல் பிரிவு)

#1 வெள்ளைக்கோடு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் சங்கம் என்சிஏஏ, அதன் உச்சத் தட்டு முதல் பிரிவு. அந்த அணிகளில் படிப்பு எப்படி என்று கேட்டால் உடனே இரண்டு எண்களைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒன்று ஏபிஆர், அதாவது கல்வி முன்னேற்ற விகிதம். இன்னொன்று ஜிஎஸ்ஆர், பட்டம் முடித்தவர் விகிதம். "எங்கள் அணிக்கு 985" என்று பல்கலைக்கழகம் அறிக்கை விடுகிறது, கோச்சுக்கு போனஸ் போகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். அந்த 985-க்குள் இருக்கும் பையன் என்ன படித்தான், எந்த நிலையில் வெளியே வந்தான் என்று அந்த எண்ணிலிருந்து தெரியுமா?

பின்னால் நிற்கும் அட்வைசர், ட்யூட்டர், கற்றல் நிபுணர், விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலர் எல்லாருக்கும் இதே கேள்விதான். அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? விதியும் நடைமுறையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "படிப்பும் முக்கியம், விளையாட்டும் முக்கியம்" ரகப் பதில் வேண்டாம்.

#2 கணக்குப்பிள்ளை

ஏபிஆர் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

விளையாட்டு உதவித்தொகை வாங்கும் ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி. ஆடும் தகுதியைக் காப்பாற்றிக்கொண்டால் ஒன்று. அதே கல்லூரியில் தொடர்ந்தாலோ பட்டம் வாங்கிவிட்டாலோ இன்னொன்று. அணிக்குக் கிடைத்த புள்ளியை, கிடைத்திருக்கக்கூடிய மொத்தப் புள்ளியால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே இறங்கினால் அந்த அணிக்கு சாம்பியன்ஷிப் சுற்றுகளில் இடம் கிடையாது.

உதவித்தொகை வாங்கும் 15 பேர் கொண்ட கூடைப்பந்து அணி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 புள்ளி. நான்கு போனால் 56/60, அதாவது 933, தப்பித்தது. ஐந்தாவது போனால் 917. தகுதியும் இழந்து கல்லூரியையும் விட்டுப் போகும் ஒருவர் ஒரே செமஸ்டரில் இரண்டு புள்ளியைக் கொண்டுபோய்விடுவார். அப்படி இரண்டரைப் பேர் போதும், அந்த ஆண்டு காலி. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 2013 சாம்பியன்ஷிப்பில் இடம் மறுக்கப்பட்டது இந்தக் கணக்கால்தான். மறு ஆண்டே அதே அணி கோப்பையைத் தூக்கியது என்பது வேறு விஷயம்.

கவனியுங்கள், இந்தச் சூத்திரத்தில் மதிப்பெண் இல்லை, மேஜர் (முதன்மைப் பாடம்) இல்லை, கற்றது இல்லை. தகுதி இருந்ததா, ஆள் இருந்தாரா, அவ்வளவுதான்.

ஜிஎஸ்ஆர் வேறு கதை. கூட்டாட்சி அரசின் கணக்கில், முதலாண்டில் சேர்ந்தவர் ஆறு ஆண்டுக்குள் அதே கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டும். வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கினாலும் பழைய கல்லூரிக்கு அவர் தோல்விதான். இது நியாயமில்லை என்று என்சிஏஏ தனியாக ஜிஎஸ்ஆர் கொண்டுவந்தது. நல்ல கல்வி நிலையில் மாறிப் போனவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும், மாறி வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் முதல் பிரிவின் ஜிஎஸ்ஆர் 90-ஐத் தொட்டு நிற்கிறது, அதே வீரர்களின் கூட்டாட்சி விகிதம் 70-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

#3 முரண்டு

கணக்குப்பிள்ளை சார் அழகாகச் சொல்லிவிட்டார். அவர் விட்டது காசு.

2019-20 முதல் என்சிஏஏ தன் வருமானத்தில் ஒரு பகுதியைப் படிப்பை வைத்துப் பங்கிடுகிறது. கல்லூரியின் எல்லா அணிகளுக்கும் சேர்த்து அந்த ஆண்டு ஏபிஆர் 985, அல்லது ஜிஎஸ்ஆர் 90 சதவீதம், அல்லது வீரர்களின் கூட்டாட்சி விகிதம் மற்ற மாணவர்களைவிட 13 புள்ளி அதிகம். மூன்றில் ஒன்று இருந்தால் பங்கு உண்டு. எண்ணில் காசு இருந்தால் எண்ணைத்தான் வளர்ப்பார்கள், பிள்ளையை அல்ல.

'ஸ்டூடண்ட் அத்லெட்' என்ற சொல்லே 1950-களில் வால்டர் பயர்ஸ் தலைமையில் என்சிஏஏ புழக்கத்தில் விட்டது. ஆடுகளத்தில் அடிபட்டவர் தொழிலாளர் இழப்பீடு கேட்டு வந்தபோது, "இவர் தொழிலாளி இல்லை, மாணவர்" என்று வாதாட வசதியாக இருந்தது. இப்போது 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கு (வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்தது) உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி 2025-26-இல் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். சம்பளம் மாதிரி வாங்குபவரிடம் போய் ஸ்டடி ஹாலில் (மேற்பார்வையோடு படிக்கும் கூடம்) கையெழுத்துப் போடச் சொல்வது எதற்கு?

#4 கணக்குப்பிள்ளை

முரண்டு, அந்த 2.05 கோடியில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் (அமெரிக்கக் கால்பந்து) ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல், ஓட்டம், துடுப்பு, மல்யுத்தம் எல்லாம் பழைய நிலைதான். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கிடையாது என்று என்சிஏஏவே சொல்கிறது. மீதிப் பேருக்கு டிகிரிதான் சோறு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எல்லாருக்கும் தெரிந்த 40-60-80 விதியைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள்.

பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாட அலகு. மூன்றாம் ஆண்டு தொடங்க அதில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், 48. நான்காம் ஆண்டுக்கு 60 சதவீதம், 72. ஐந்தாம் ஆண்டுக்கு 80 சதவீதம், 96. முழுநேர மாணவர் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது செமஸ்டருக்கு 12 கிரெடிட். நான்கு செமஸ்டருக்கு 48. ஆறுக்கு 72. எட்டுக்கு 96. அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது.

அதாவது விதி கேட்கும் வேகம் ஐந்தாண்டுப் பட்டத்தின் வேகம். ஒருநாள்கூடத் தகுதி இழக்காமல், ஏபிஆரில் ஒரு புள்ளியும் கெடாமல், நான்கு சீசனையும் நான்கு ஆண்டில் ஆடி முடித்த ஒருவர் கடைசி ஆட்டம் முடிந்த செமஸ்டரில் 96-இல் நிற்கலாம். இன்னும் 24 கிரெடிட், முழுசாக இரண்டு செமஸ்டர். அணிக்கு அவரால் இனிப் பயன் இல்லை, உதவித்தொகை தொடருமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. அறிக்கையில் அவர் வெற்றி. கையில் பட்டம் இல்லை.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு எண் போதும்: கடைசி ஆட்டத்தன்று பட்டத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி? அதை எந்தக் கல்லூரியும் செய்திக்குறிப்பில் போடுவதில்லை.

#5 வெள்ளைக்கோடு

இது நல்ல கோணம். மற்ற விதிகளையும் ஒரே இடத்தில் போட்டுவிடுங்களேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கு உதவும்.

#6 கணக்குப்பிள்ளை

செமஸ்டர் முறைக்கு மட்டும் சொல்கிறேன். குவார்ட்டர் முறையில் எண்கள் மாறும்.

ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும். இலையுதிர், வசந்தம் இரண்டும் சேர்த்து 18. இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் 24. ஆக முதலாண்டில் கோடை வகுப்பை நம்பி 6-க்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி): பட்டத்துக்கு வேண்டியதில் இரண்டாம் ஆண்டுக்கு 90 சதவீதம், மூன்றாம் ஆண்டுக்கு 95, நான்காம் ஆண்டு முதல் 100. பட்டத்துக்கு 2.0 என்றால் 1.8, 1.9, 2.0. மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் மேஜரை அறிவித்தாக வேண்டும். அதன் பிறகு அந்தப் பட்டத்துக்கு ஏறும் கிரெடிட் மட்டுமே கணக்கு.

ஃபுட்பாலுக்குத் தனியாக ஒரு கொக்கி உண்டு. இலையுதிர் செமஸ்டரில் 9 கிரெடிட் தேறி, ஏபிஆர் தகுதிப் புள்ளியும் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டம் வெளியே. அடுத்த இலையுதிருக்குள் 27 கிரெடிட் சேர்த்தால் அதில் இரண்டு ஆட்டத்தை மீட்கலாம். அதே 27-க்கு நான்கையும் மீட்பது படிப்புக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான்.

அதிகம் பேர் விழும் குழி இதெல்லாம் இல்லை. 12 கிரெடிட்டில் பதிவு செய்துவிட்டு, நடுச் செமஸ்டரில் கடினமான பாடத்தை ஆன்லைனில் ஒரு சொடுக்கில் கைவிடுவதுதான். 9-க்கு வந்த அந்தக் கணமே ஆட்டமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு தெரியவரும். அதனால் விவரம் தெரிந்த அலுவலகங்களில் வீரரின் பதிவுக் கணக்கில் ஒரு தடை போட்டிருப்பார்கள், அட்வைசர் விடுவிக்காமல் பாடத்தைக் கைவிட முடியாது. சீசனில் 12-13, சீசன் இல்லாத செமஸ்டரில் 15-16 என்று பிரிப்பதும் இதற்குத்தான்.

#7 அல்லி

கணக்குப்பிள்ளை சார் சொன்ன 96-க்கு வேர் எங்கே என்றால் பிற்பகல் லேபில்.

வேதியியல் லேப் மதியம் 2 முதல் 5. பயிற்சி இரண்டரைக்கு. இந்த ஒரு மோதலில் முதலாண்டுப் பெண்ணின் மேஜர் மாறிவிடுகிறது. யாரும் அவளிடம் "உயிரியல் வேண்டாம்" என்று சொல்வதில்லை. "இந்த செமஸ்டர் வேறு ஏதாவது எடு, லேபை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அப்புறம் என்பது மூன்றாவது செமஸ்டர் ஆகும்போது 40 சதவீத விதி கழுத்துக்கு வந்துவிடும். ஓர் அணியில் நான்கில் ஒருவரோ அதற்கு மேலோ ஒரே மேஜரில் உட்கார்ந்திருந்தால் அதை மேஜர் கிளஸ்டரிங் என்று ஆய்வாளர்கள் வழக்கமாகக் குறிக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கால அட்டவணை.

மாறுவதற்கு என்ன விலை என்று பாருங்கள். நான்கு செமஸ்டரில் 54 கிரெடிட் எடுத்தவர் விளையாட்டு மேலாண்மையிலிருந்து உயிரியலுக்குப் போக நினைக்கிறார். புதிய பட்டத்தில் ஏறுவது 41. வேண்டியது 48. ஏழு பாக்கி. அந்தக் கோடையில் இரண்டு மூன்று-கிரெடிட் பாடமும் ஒரு ஒற்றைக் கிரெடிட் லேபும் எடுத்துத் தேறினால் தகுதி தப்பும். கோடைக் கட்டணத்தை யார் தருவது, கோடைப் பயிற்சியோடு மோதுமா, இரண்டுக்கும் மே மாதத்துக்கு முன் பதில் வேண்டும். ஆகஸ்டில் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல அட்வைசர் முதல் வாரமே எட்டு செமஸ்டரையும் பென்சிலில் போட்டுவிடுவார். வடிகட்டும் பாடங்கள், அதாவது கால்குலஸ், பொது வேதியியல், உடற்கூறியல் போன்றவை, சீசன் இல்லாத செமஸ்டருக்கு. கால்பந்து (சாக்கர்), வாலிபால் பிள்ளைகளுக்கு வசந்தம் கொஞ்சம் காலியாக இருக்கும். கூடைப்பந்து நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இரண்டு செமஸ்டரையும் தின்னும், அவர்களுக்குக் கோடைதான். நர்சிங் மருத்துவமனைப் பயிற்சி, ஆசிரியர் பயிற்சியின் முழுநாள் பள்ளிப் பணி இவற்றை ஆட்டம் முடிந்த ஒன்பதாவது செமஸ்டருக்குத் திட்டமிட்டே தள்ளலாம். ஆனால் அந்த ஒன்பதாவது செமஸ்டருக்குப் பணம் உண்டு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான்.

டி கிரேடு இன்னொரு கண்ணி. மேஜரில் சி கட்டாயம் என்ற பாடத்தில் டி வாங்கினால் ட்ரான்ஸ்கிரிப்டில் கிரெடிட் தெரியும், வீரர் "தேறிவிட்டேன்" என்பார். பட்டத் தணிக்கையில், அதாவது பட்டத்தின் தேவைகளில் எது முடிந்தது, எது பாக்கி என்ற பட்டியலில், அது அந்தத் தேவையை நிரப்பாது. மறுபடி எடுத்துத் தேறினாலும் ஒரு பாடத்துக்கு ஒருமுறைதான் கிரெடிட். இரண்டு செமஸ்டரின் இடத்தை ஒரே பாடம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ட்ரான்ஸ்கிரிப்டைப் பார்த்து யாரும் மூச்சு விடாதீர்கள். பட்டத் தணிக்கை அறிக்கையை இழுத்துப் பாருங்கள்.

#8 முரண்டு

20 மணி நேர விதி என்று ஒன்று இருக்கிறதே, அல்லி அக்கா. அது வேலை செய்தால் லேபுக்கு ஏன் நேரம் இல்லை?

#9 அல்லி

தாளில் வேலை செய்கிறது. சீசனில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரம் ஒருநாள் ஓய்வு. சீசன் இல்லாதபோது வாரம் 8 மணி. எது கணக்கில் வராது என்பதில்தான் விஷயம்: பிசியோ சிகிச்சை, கட்டுப் போடுவது, "விருப்பப் பயிற்சி", பேட்டி, பயணம். ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றே எழுதப்படும். பயிற்சி இல்லாத பயண நாளை ஓய்வு நாளாகவும் காட்டிய காலம் உண்டு. பேருந்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஓய்வு!

வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56. கணக்கில் வரும் பயிற்சி 20, வராதது 12 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு 15, வகுப்புக்கு வெளியே படிப்பு 28. கூட்டினால் 131. மீதி 37-இல் சாப்பாடு, குளியல், நடை, துணி துவைப்பு, வீட்டுக்குப் போன். வியாழன் மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் வாரத்தில் அந்த 28 பதினைந்தாகச் சுருங்கும். குறைவது எப்போதும் படிப்பும் தூக்கமும்தான்.

பயண வாரத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை: சீசன் அட்டவணை வந்ததும் வராத நாள்களின் பட்டியலோடு பேராசிரியருக்குக் கடிதம், செமஸ்டரின் முதல் வாரத்திலேயே. முதல் நாள் இரவு போகும் மின்னஞ்சலுக்கு மரியாதை இருக்காது. வழியில் தேர்வு எழுத வேண்டுமென்றால் பேராசிரியரின் எழுத்து ஒப்புதல், யார் மேற்பார்வை, எந்த அறை, எத்தனை மணி. விடுதி இணையத்தை நம்பி நேரம் குறித்த ஆன்லைன் தேர்வை வைக்காதீர்கள்.

#10 வெள்ளைக்கோடு

ஒரு வாரத்தில் அட்வைசர் உண்மையில் எதைப் பார்க்கிறார்? "மானிட்டரிங்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

#11 மேசைவிளக்கு

முதல் வாரம்: எல்லா சிலபஸையும் ஒரே தாளில் இறக்குவது. தேதி, வேலை, அதன் எடை. அப்போதுதான் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மூன்று இடைத்தேர்வும் இரண்டு வெளியூர் ஆட்டமும் ஒன்றாகக் குவிவது கண்ணில் படும்.

மூன்றாம் வாரம்: வகுப்பு வருகையும் முதல் சிறு தேர்வும். இங்கே 55 வாங்கியவரைத் தூக்க முடியும். பேராசிரியர்களிடமிருந்து முன்னேற்ற அறிக்கை ஐந்து, ஆறாம் வாரத்தில் வரும்போது பல பாடங்களில் கால்வாசி முடிந்திருக்கும்.

பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதிக்கு முன் ஒரு கூட்டல் கணக்கு கட்டாயம். சி-க்கு 70 வேண்டும், இதுவரை முடிந்த 60 சதவீத எடையில் சராசரி 68 என்றால், கையில் 40.8. மீதி 29.2-ஐ 40-இல் எடுக்க வேண்டும், அதாவது 73. முடியக்கூடியது. சராசரி 55 என்றால் கையில் 33, மீதி 40-இல் 37 வேண்டும், 92.5. இதுவரை 55 எடுத்தவர் இனி 92 எடுப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 15 கிரெடிட்டில் இருந்தால் கைவிடலாம். 12-இல் இருந்தால் வழி அடைபட்டது. இந்தக் கணக்கை வீரரே தன் கையால் போட வேண்டும். அட்வைசர் போட்டுக் காட்டினால் அது அட்வைசரின் கவலையாகவே நின்றுவிடும்.

தலையில் அடிபட்டவர்களுக்குப் பட்டியல் தனி. களத்துக்குத் திரும்புவதற்கு முன் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், அந்த வரிசையை மாற்றக்கூடாது. முதல் ஓரிரு நாள் திரை இல்லை, நீண்ட வாசிப்பு இல்லை, பிறகு அரை வகுப்பு, முழு வகுப்பு, கடைசியில் தேர்வு. பேராசிரியருக்குத் தகவல் மருத்துவக் குழு வழியாகப் போகட்டும். கோச் சொல்லி எந்தத் தேர்வும் தள்ளிப்போகக் கூடாது.

#12 முரண்டு

ட்யூட்டர் என்றதும் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் ஞாபகம் வருகிறது. 2014 அக்டோபரில் வந்த வெய்ன்ஸ்டைன் அறிக்கை: 18 ஆண்டு, 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள், வகுப்பே நடக்காத பாடங்கள், ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல கிரேடு. இடங்களில் ஏறத்தாழப் பாதி வீரர்களுடையவை, கல்வி ஆலோசகர்களே அங்கே அனுப்பியதும் அறிக்கையில் இருக்கிறது. 2017 அக்டோபரில் என்சிஏஏ சொன்ன தீர்ப்பு? இந்தப் பாடங்கள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே விதிமீறல் என்று முடிவு கட்ட முடியாது! இதைத்தான் நீங்கள் எல்லாம் கல்வி ஆதரவு என்கிறீர்களா?

#13 மேசைவிளக்கு

சரியான இடத்தில் அடிக்கிறீர்கள். பக்கத்திலேயே மிசூரி பல்கலைக்கழகத்தையும் வையுங்கள். ஒரு ட்யூட்டர் 12 வீரர்களுக்குப் பாட வேலையைச் செய்து கொடுத்தார். 2019 ஜனவரியில் தீர்ப்பு: ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்றுக்கும் ஓராண்டு சாம்பியன்ஷிப் சுற்றுத் தடை. கல்லூரி தானே முன்வந்து சொன்னது, விசாரணைக்கு ஒத்துழைத்தது. அப்படியும் தடை. பாடமே போலியாக இருந்த இடத்தில் தண்டனை இல்லை, பாடம் உண்மையாக இருந்து வேலை போலியாக இருந்த இடத்தில் தண்டனை. என்சிஏஏ பாடத்தின் தரத்தை எடைபோடுவதில்லை, அது கல்லூரியின் வேலை என்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவர் ட்யூட்டர்.

அதனால் ட்யூட்டருக்குக் கறாரான விதிகள் வேண்டும், அவருடைய பாதுகாப்புக்காகவே. பேனாவும் கீபோர்டும் மாணவர் கையில் மட்டும். மாணவரின் கட்டுரையில் ட்யூட்டர் எழுத்தை மாற்றக்கூடாது, ஓரத்தில் கேள்வி எழுதலாம்: "இந்தப் பத்தி எதை நிரூபிக்கிறது?" என்பது சரி, வாக்கியத்தைத் திருத்தித் தருவது தவறு. திருத்த வரலாறு தெரியும் பகிர்வு ஆவணத்தில்தான் வேலை. மாணவரின் கடவுச்சொல் ட்யூட்டருக்குத் தெரியக்கூடாது. மையத்துக்கு வெளியே சந்திப்பில்லை, தனிப்பட்ட எண்ணில் செய்தியில்லை, காரில் ஏற்றிச் செல்வதுகூட விதிமீறலில் முடியலாம். ஒவ்வொரு அமர்வுக்கும் நான்கு வரிக் குறிப்பு: என்ன கொண்டுவந்தார், எதில் சிக்கினார், என்ன செய்தார், அடுத்து என்ன.

எங்கே தவறுகிறது? கெடு நாளுக்கு முந்தின இரவு. பேருந்து பதினொரு மணிக்கு வந்து சேர்கிறது, கட்டுரை நள்ளிரவில் முடிய வேண்டும், ட்யூட்டர் இருபதுகளில் இருக்கும் பட்டதாரி மாணவர், எதிரே இருப்பவர் ஊருக்கே தெரிந்த ஆட்டக்காரர். நேர்மையைப் பற்றி வகுப்பெடுத்து இதைத் தடுக்க முடியாது. அந்த இரவு வராமல் அட்டவணையில் தடுக்கலாம்: பயணத்திலிருந்து திரும்பும் நாளுக்கு எந்தக் கெடுவும் விழாதபடி முதல் வாரமே பேராசிரியரிடம் பேசி வைப்பது.

#14 கீழைக்காற்று

இடையில் ஒரு சந்தேகம். எஃப்-1 விசாவில் (வெளிநாட்டு மாணவர் விசா) வரும் டென்னிஸ், தடகள, நீச்சல் பிள்ளைகளுக்கு இதில் என்ன மாறும்?

#15 கணக்குப்பிள்ளை

மூன்று விஷயம்.

ஆன்லைன் பாடம். முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் எஃப்-1-க்கு ஏறும். சீசனில் பயணம் அதிகம் என்று உள்ளூர் வீரருக்கு அட்வைசர் இரண்டு ஆன்லைன் பாடம் போடுவார். அதையே நகலெடுத்து 12 கிரெடிட்டில் இருக்கும் எஃப்-1 மாணவருக்குப் போட்டால் விசா நிலை உடையும்.

பாடத்தைக் கைவிடுவது. மற்றவருக்கு 12-க்குக் கீழே போனால் ஆட்டம் போகும். இவருக்கு ஆட்டமும் போகும், விசாவும் போகும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசா பொறுப்பில் இருக்கும் டிஎஸ்ஓ முன்கூட்டி அனுமதிக்காமல் எதையும் தொடக்கூடாது. அட்வைசர் ஒருவர் மட்டும் "சரி" என்றால் போதாது.

காசு. 2021 ஜூலை முதல் பெயர், உருவம் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம். எஃப்-1-க்கு வேலை செய்யும் உரிமை குறுகியது, சக வீரர் செய்கிறார் என்று விளம்பரத்தில் நிற்கக்கூடாது. கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞர். இதில் கோச்சின் ஆலோசனைக்கு மதிப்பே இல்லை.

#16 முரண்டு

ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலை, அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் போடும் ஆன்லைன் பட்டியலை, யாரும் தொடவில்லை. 2018 அக்டோபரில் வந்தது, 2021-இல் ஒருமுறை உடனே ஆடலாம் என்றார்கள், 2024 முதல் படிப்பு நிலை சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். நான்கு ஆண்டில் மூன்று கல்லூரி பார்க்கிறவருக்கு உங்கள் எட்டு செமஸ்டர் பென்சில் திட்டம் எதற்கு உதவும், அக்கா?

#17 அல்லி

அவருக்குத்தான் அதிகம் உதவும்.

மாறுகிறவர் 66 கிரெடிட் கொண்டுபோகிறார். புதிய கல்லூரி 60-ஐ ஏற்கிறது. அந்த 60-இல் புதிய பட்டத்தின் தேவைகளில் ஏறுவது 44. மற்ற 16 வெறும் விருப்பப் பாடமாகக் கிடக்கும், விருப்பப் பாடத்துக்கு இடமில்லாத மேஜர் என்றால் அதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டுக்கு 48 வேண்டும். கையெழுத்துப் போட்டு, வீடு மாறி, ஆகஸ்டில்தான் தெரியும். கோச் "எல்லாம் ஏறும், கவலைப்படாதே" என்று சொன்னதற்கு மதிப்பு இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பாடமும் எந்தத் தேவையில் ஏறுகிறது என்று பதிவாளர் அலுவலகம் தரும் எழுத்து மதிப்பீடு, கையெழுத்துக்கு முன். பழைய பாடங்களின் சிலபஸைக் கோப்பாக வைத்திருப்பவர் மறுபரிசீலனையில் சில பாடங்களை மீட்கிறார். வைத்திராதவர் இழக்கிறார்.

போர்ட்டல் திறந்ததும் பெயரைப் போடுபவருக்கு அந்த வாரமே பழைய அட்வைசர் இந்தக் கோப்பைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். நம் கல்லூரிக்கு அவரால் இனி எந்தப் புள்ளியும் வராது. அப்படியிருந்தும் கொடுத்தார்களா என்பதை வைத்து ஓர் அலுவலகத்தை எடைபோடலாம்.

#18 வெள்ளைக்கோடு

அதுதான் என் இரண்டாவது கேள்வி. ஊழியர்களை எதை வைத்து எடைபோடுவது?

#19 அல்லி

இப்போது பெரும்பாலும் யாருக்கும் தகுதி போகவில்லையா என்பதை வைத்து. அதனால் அட்வைசர் பயந்து பயந்து எளிய பாடமாகவே போடுகிறார். அவர் யாரிடம் பதில் சொல்கிறார் என்பதும் முக்கியம். விளையாட்டு இயக்குநரிடம் மட்டும் என்றால் கோச்சின் ஒரு போனில் அட்டவணை மாறும். புரவோஸ்ட் (கல்லூரியின் கல்வித் தலைமை) அலுவலகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால் "முடியாது" என்று சொல்ல ஒரு முதுகு கிடைக்கும்.

நான் பார்க்கச் சொல்வது: கடைசி ஆட்டத்தன்று பாக்கி கிரெடிட் (கணக்குப்பிள்ளை சாரின் எண், அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை). சேரும்போது சொன்ன மேஜரை விட்டவர் எத்தனை பேர், அதில் கால அட்டவணையால் விட்டவர் எத்தனை. மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் முதலாண்டு அளவுக்கே ஸ்டடி ஹால் மணிநேரம் வேண்டியிருக்கிறதா. இருந்தால் மேற்பார்வை நடந்திருக்கிறது, கற்றல் நடக்கவில்லை. மணிக்கணக்கில் உட்கார வைப்பதைவிட "இந்த அத்தியாயக் குறிப்பும் ஐந்து கணக்கும் முடிந்தால் கிளம்பு" என்ற முறை மேல். கைபேசியைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் முத்திரை வாங்கலாம்.

ஒன்று விடுபட்டது: ஊழியர் எத்தனை ஆண்டு நிலைக்கிறார்? மாலை, வார இறுதி, பயணம், புதிய வீரர்களைக் கவரும் சுற்றுலா, எல்லாவற்றுக்கும் அட்வைசர் வேண்டும், சம்பளம் மட்டும் கோச் பக்கம் போகும். நடு ஆண்டில் அட்வைசர் மாறினால் மாணவரின் கற்றல் குறைபாடு, வீட்டுச் சூழல், பாதி முடிந்த மேஜர் மாற்றம் எல்லாம் கோப்பில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். புதியவர் முதலிலிருந்து தொடங்குவார்.

#20 முரண்டு

96-இல் நின்றவர்களுக்கு என்ன வழி? அதைச் சொல்லிவிட்டு இழையை மூடுங்கள். பத்து ஆண்டு கழித்து அவர்களைக் கல்லூரி தேடிப் போனால் அதுவும் புள்ளிக்காகத்தான் என்பேன்.

#21 கணக்குப்பிள்ளை

புள்ளி உண்டு, மறுக்கவில்லை. முன்பு விட்டுப்போனவர் திரும்பி வந்து பட்டம் வாங்கினால் அணிக்கு ஏபிஆரில் ஒரு தாமதப் பட்டப் புள்ளி கிடைக்கும். அது இருப்பதால்தான் அலுவலகங்கள் பழைய எண்களுக்கு போன் செய்கின்றன. செய்யட்டும். 2024 ஆகஸ்ட் முதல் முதல் பிரிவில் இன்னொன்றும் நடப்பில் இருக்கிறது: முழு உதவித்தொகையில் இருந்தவர் ஆடி முடித்த பத்து ஆண்டுக்குள் முதல் பட்டத்தை முடிக்க வந்தால் கல்லூரி பண உதவி தர வேண்டும். பாதி உதவித்தொகையில் இருந்தவர்கள் தங்கள் கல்லூரியில் தனித் திட்டம் உண்டா என்று கேட்க வேண்டும்.

திரும்பி வருபவருக்கு வரிசை இது. முதலில் நிலுவைக் கட்டணம். பழைய நூலக அபராதமோ வாகன நிறுத்த அபராதமோ கணக்கில் தடையாக உட்கார்ந்திருந்தால் பதிவே நடக்காது, பலர் இங்கேயே திரும்பிப் போகிறார்கள். அடுத்து மறுசேர்க்கை விண்ணப்பம், அதோடு எந்த ஆண்டின் பாடத்திட்டத்தில் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி. பழைய ஆண்டுத் திட்டத்திலேயே தொடர அனுமதி வாங்கினால் 24 என்பது 24-ஆகவே இருக்கும், புதிய திட்டத்தில் அது 33 ஆகலாம். பழைய மேஜரே மூடப்பட்டிருந்தால் பொதுக்கல்விப் பட்டத்துக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், சில நேரம் பாக்கி குறையும். பிறகு கடைசி 30 கிரெடிட்டை அங்கேயே எடுக்க வேண்டுமா என்ற விதி. இருந்தால் வீட்டருகே சமுதாயக் கல்லூரியில் எடுத்த பாடம் வீண். ஆன்லைன் பாடங்கள் அதே கல்லூரியின் பெயரில் இருந்தால் ஊர் மாற வேண்டியதில்லை.

செமஸ்டருக்கு இரண்டு பாடம், கோடையில் ஒன்று. ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் ஆண்டுக்கு 15. ஆகஸ்டில் தொடங்கினால் இரண்டாவது கல்வியாண்டின் வசந்த செமஸ்டரோடு 24-ம் தாண்டிவிடும். தொடங்குமுன் நிலுவையைப் பார்த்துவிடுங்கள்.